ஒற்றை நட்டில் நிற்கும் சக்கரம்

போன மழைக்காலத்தில் காருக்கு முன் டயர் இரண்டையும் மாற்றினேன். கடையில் நல்ல கூட்டம். டயர் மாட்டிய பையன் ஏர் கன்னை வைத்து நட்டுகளை டர்ர்ர் என்று ஏற்றிவிட்டு, கடைசியில் ஸ்பேனர் போட்டுப் பார்க்காமலேயே ஜாக்கியை இறக்கிவிட்டான், நானும் பணத்தைக் கொடுத்துவிட்டுக் கிளம்பிவிட்டேன். மூன்று நாள் கழித்து ஊருக்குப் போகும் வழியில் இடது முன்பக்கத்திலிருந்து லேசாக ஒரு டக் டக். வேகத்தைக் குறைத்தால் தெளிவாகக் கேட்கிறது, கூட்டினால் மறைந்துவிடுகிறது. ஓரம் கட்டி இறங்கிப் பார்த்தால் ஐந்து நட்டில் ஒன்று இல்லவே இல்லை, இன்னொன்று விரலாலேயே சுற்றுகிறது. மீதி மூன்று நட்டுகள்தான் அத்தனை தூரமும் எங்கள் எல்லோரையும் தாங்கி வந்திருக்கின்றன.

வண்டியில் இருந்த ஸ்பேனரால் அந்த நான்கையும் இறுக்கும்போதே மனதில் ஓடியது இதுதான்: சக்கரத்துக்கு ஒரே ஒரு நட்டு மட்டும் இருக்கிற கார்கள் இருக்கின்றனவே, அதில் இந்தக் கவனக்குறைவு நடந்திருந்தால்? சென்டர் லாக் என்று சொல்வார்கள். போர்ஷே 911 ஜிடி3, மெக்லாரன் சென்னா, லம்போர்கினி அவென்டடோர் எஸ்விஜே, பழைய ஃபெராரி எஃப்40 எல்லாவற்றிலும் சக்கரத்தின் நடுவில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பெரிய நட்டு, அவ்வளவுதான். பார்க்க அத்தனை அழகு. அது பாதுகாப்பானதா, ரோட்டில் வைத்துக்கொண்டு குடும்பம் நடத்த முடியுமா என்று அதற்கப்புறம் தேடித் தேடிப் படித்தேன். எனக்குக் கிடைத்த தெளிவை இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு அடிப்படை விஷயம். ஐந்து போல்ட் சக்கரத்தில் அந்த போல்ட்டுகள் சக்கரத்தைத் தோளில் சுமக்கின்றன என்றுதான் பெரும்பாலோர் நினைக்கிறோம். உண்மையில் அவை செய்வது அழுத்திப் பிடிப்பது. போல்ட்டை இறுக்கும்போது அது ரப்பர் மாதிரி துளி நீள்கிறது, நீண்டது திரும்பச் சுருங்கப் பார்க்கிறது, அந்தச் சுருங்கும் விசைதான் சக்கரத்தை ஹப் முகத்தோடு, அதாவது சக்கரம் போய் உட்காருகிற நடுக் குடத்தோடு, அழுத்துகிறது. இரண்டு முகங்களுக்கும் நடுவே வரும் உராய்வுதான் பிரேக் போடும்போதும் வளைவில் திரும்பும்போதும் சக்கரத்தை நகராமல் வைத்திருக்கிறது. அழுத்தம் குறைந்து, முகங்கள் ஒன்றின்மேல் ஒன்று மயிரிழை அளவு பக்கவாட்டில் வழுக்க ஆரம்பித்துவிட்டால், நட்டு தானாகவே கழன்றுகொள்ளும். ஜெர்மன் பொறியாளர் கெர்ஹார்ட் யுங்கர் 1969ல் இதைச் சோதனை செய்தே காட்டினார்: போல்ட்டின் நீளவாக்கில் குலுக்குவதைவிட, பக்கவாட்டில் அசைப்பதுதான் நட்டைச் சீக்கிரம் கழற்றுகிறது. என் காரில் நடந்ததும் இதேதான். ஒரு நட்டு தளர்ந்தது, சக்கரம் துளி அசைந்தது, அசைவு அடுத்த நட்டையும் கழற்ற ஆரம்பித்தது.

சரி, சென்டர் லாக்குக்கு வருவோம். போர்ஷே ஜிடி3யின் அந்த ஒற்றை நட்டை 600 நியூட்டன் மீட்டர் இறுக்க வேண்டும். ஒரு மீட்டர் நீளமுள்ள ஸ்பேனரின் நுனியில் 61 கிலோ எடையுள்ள ஒரு ஆள் தொங்கினால் வருகிற முறுக்கு அது. நம் வீட்டு காரில் ஒரு நட்டுக்கு 110 என்ற அளவில்தான் இருக்கும், அதே ஒரு மீட்டர் கம்பியில் 11 கிலோ தொங்கினால் போதும். 600 என்றதும் பயங்கரமான பிடி என்று தோன்றும். கணக்கு போட்டுப் பார்த்தால் வேறு கதை. 14 மில்லிமீட்டர் போல்ட்டை 160 நியூட்டன் மீட்டர் இறுக்கினால் தோராயமாக 5.8 டன் அழுத்தம் வரும், ஐந்துக்கும் சேர்த்து 29 டன். மரையின் விட்டம் 60 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டு, கிரீஸ் தடவிய ஒரு பெரிய நட்டை 600 இறுக்கினால் வருவது 7 டன் பக்கம்தான். நட்டு பெரிதாகப் பெரிதாக, அதே அழுத்தத்துக்கு அதிகமாக முறுக்க வேண்டியிருக்கிறது. இது கையால் போட்ட கணக்கு, ஒவ்வொரு காருக்கும் எண் மாறும், ஆனால் திசை மாறாது: ஒற்றை நட்டின் அழுத்தம் ஐந்து போல்ட்டின் கூட்டு அழுத்தத்தைத் தொடுவது கடினம்.

அதனால்தான் சென்டர் லாக் ஹப்பில் வெறும் நட்டு மட்டும் இருப்பதில்லை. ஹப் முகத்திலிருந்து தடிமனான முளைகள் நீட்டிக்கொண்டிருக்கும், சக்கரத்தின் பின்பக்கத் துளைகளில் அவை போய் உட்காரும். இன்ஜினின் இழுவையையும் பிரேக்கின் முறுக்கையும் தாங்கும் வேலையை அந்த முளைகள் எடுத்துக்கொள்கின்றன, நடு நட்டின் வேலை சக்கரத்தை வெளியே வராமல் பிடித்துவைப்பது. பொறியியல் என்று பார்த்தால் இதில் ஓட்டையே இல்லை. நூறு வருடத்துக்கும் மேலாக இது ஓடிக்கொண்டிருக்கிறது.

நூறு வருடம் என்பது வாய்ப்பேச்சுக்குச் சொன்னதில்லை. ஆரம்பகால கார்களில் டயர் கிழிந்தால் சக்கரத்தைக் கழற்ற முடியாது, வண்டியில் இருக்கும்போதே டயரை வெட்டி எடுத்துப் புதிதை நெம்பி ஏற்ற வேண்டும். 1906ல் பிரான்ஸின் லெ மான் பக்கம் நடந்த முதல் கிராண்ட் பிரீயில் ரெனோ காரில் ஃபெரெங்க் சிஸ் ஜெயித்ததற்கு ஒரு பெரிய காரணம், எட்டு நட்டைக் கழற்றினால் விளிம்போடு டயர் வந்துவிடுகிற மிஷெலின் ஏற்பாடு. மற்றவர்கள் வெயிலில் ரப்பரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது அவர் சில நிமிடத்தில் கிளம்பிக்கொண்டிருந்தார். அதற்கு அடுத்த படியை எடுத்தது இங்கிலாந்தின் கோவென்ட்ரியில் சைக்கிள் செய்துகொண்டிருந்த ரட்ஜ்-விட்வர்த் கம்பெனி: முழுச் சக்கரமே கழன்று வரும், அதுவும் நடுவில் இருக்கிற ஒரே நட்டில். உடனே சந்தேகம் கிளம்பியது. 1908 கிராண்ட் பிரீயில் கழற்றும் சக்கரங்களை அனுமதிக்க மாட்டோம் என்றார்கள், அந்தச் சக்கரங்களோடு வரவிருந்த நேப்பியர் அணி பந்தயத்துக்கே வரவில்லை. ஒற்றை நட்டை நம்பலாமா என்ற கேள்வி அன்றைக்கே கேட்ட கேள்வி.

அந்தப் பழைய ஸ்போக் சக்கரத்தில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் மரையின் திசை. நட்டு ஒரு தொப்பி மாதிரி சக்கரத்தின் நடு மூக்கின்மேல் கூம்பாக உட்காரும். இப்போது கையில் தொளதொளவென்று ஒரு வளையலைப் போட்டுக்கொண்டு கையை வட்டமாக ஆட்டிப் பாருங்கள், வளையல் உருண்டுகொண்டே மெல்லத் தானும் சுற்றும். தளர்ந்த நட்டும் அப்படித்தான். வண்டி ஓடும்போது அது சக்கரத்தின் மூக்கைச் சுற்றி உருள்கிறது, சக்கரம் போகிற திசைக்கு எதிர்த் திசையில் கொஞ்சம் கொஞ்சமாக நகர்கிறது. அந்த நகர்வு இறுக்கும் பக்கமாக இருக்கும்படி மரையை வெட்டிவிட்டால்? காரின் இடப்பக்கத்துக்கு வழக்கமான மரை, வலப்பக்கத்துக்கு எதிர் மரை. தளர்ந்தால் ஓட ஓடத் தானே இறுகும். எந்தத் தாழ்ப்பாளும் எந்தப் பூட்டும் இல்லாமல், வடிவத்தாலேயே கிடைத்த பாதுகாப்பு. ஆனால் இதே புத்திசாலித்தனம் ஒரு பொறியாகவும் ஆனது. ரிப்பேருக்குக் கழற்றிய ஹப்பை யாராவது இடவலம் மாற்றி மாட்டிவிட்டால், அதே உருளல் நட்டைக் கழற்றும் வேலையைப் பார்க்கும். பழைய எம்ஜி, டிரையம்ப் கார்கள் வாங்குகிறவர்கள் முதலில் பார்ப்பது இதைத்தான், அப்புறம் சக்கரத்தோடு கோத்துக்கொண்டு அதைச் சுற்றவைக்கும் ஹப்பின் பற்களை. அந்தப் பற்கள் கிரீஸ் இல்லாமல் ஓடினால் தேய்ந்து கத்தி மாதிரி கூராகிவிடும், ஓரங்களில் செங்கல் பொடி நிறத்தில் துரு கசியும், ரிவர்ஸ் போட்டுக் கிளம்பும்போது ஒரு ணங் கேட்கும். அதற்கப்புறமும் விட்டால் ஒரு நாள் பற்கள் மொத்தமாக வழுக்கிவிடும், அந்தச் சக்கரத்துக்கு இழுவையும் கிடையாது பிரேக்கும் கிடையாது.

அந்தக் காலத்து நட்டில் காது மாதிரி இரண்டு மூன்று சிறகுகள் நீட்டிக்கொண்டிருக்கும், ஈயச் சுத்தியலாலோ செம்புச் சுத்தியலாலோ அடித்து இறுக்குவார்கள். சாலையில் நடப்பவர்களின் காலைக் கிழிக்கும் என்று அமெரிக்காவில் 1968ல் அந்தச் சிறகுகளைத் தடை செய்தார்கள். செவர்லே கொர்வெட்டில் 1963 முதல் கொடுத்துக்கொண்டிருந்த சிறகு நட்டு அலுமினியச் சக்கரம் 1967 மாடலிலேயே போல்ட் சக்கரமாக மாறிவிட்டது. ரோடு கார்களில் ஒற்றை நட்டு மங்க ஆரம்பித்தது அந்தச் சமயத்தில்தான். அது பந்தயத்தில் தங்கிவிட்டது.

பந்தயத்தில் அதன் மதிப்பு சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 2023 கத்தார் கிராண்ட் பிரீயில் மெக்லாரன் ஆட்கள் நான்கு சக்கரத்தையும் 1.80 வினாடியில் மாற்றினார்கள். ஐந்து நட்டோடு அது முடியவே முடியாது. 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் அஜித் குமாரின் அணி இறக்கிய போர்ஷே ஜிடி3 கப் காரை விடிய விடியப் பார்த்தவர்கள் கவனித்திருப்பீர்கள்: கார் வந்து நின்றதும் அதன் வயிற்றிலிருந்தே காற்று ஜாக்கிகள் இறங்கித் தூக்கிவிடும், ஒருவர் ஒரு சக்கரத்துக்கு ஒரு தடவை கன்னை வைத்தால் போதும். இரவு பகலாக எத்தனை தடவை டயர் மாற்ற வேண்டும் என்று நினைத்தால் அங்கே ஒற்றை நட்டு ஆடம்பரமில்லை, பிழைப்பு.

ஆனால் அதே பந்தயக் களம்தான் ஒற்றை நட்டின் பலவீனத்தையும் வெட்டவெளிச்சமாகக் காட்டியிருக்கிறது. 1987 ஹங்கேரி ஃபார்முலா ஒன் பந்தயத்தில் நைஜல் மான்செல் முதலிடத்தில் போய்க்கொண்டிருந்தார், ஆறு சுற்றுதான் பாக்கி, பின்சக்கர நட்டு கழன்று விழுந்தது, பந்தயம் பிக்கேயிடம் போனது. 2018 மெல்போர்னில் ஹாஸ் அணியின் இரண்டு கார்களும் நான்காம், ஐந்தாம் இடத்தில் ஓடிக்கொண்டிருந்தன. முதலில் மேக்னசன் உள்ளே வந்தார், ஒரு நட்டு மரை மாறி ஏறிவிட்டது, வெளியே போனதும் வண்டியை நிறுத்த வேண்டியதாயிற்று. இரண்டு சுற்று கழித்து குரோஷான், அதே கதை. தடத்தில் நின்ற காரை எடுக்க மற்றவர்களின் வேகத்தைக் குறைக்கச் சொன்ன அந்த இடைவெளியில் வெட்டல் டயர் மாற்றி ஹாமில்டனை முந்திப் பந்தயத்தையே ஜெயித்துவிட்டார். மரை மாறி ஏறிய ஒரு நட்டு, வேறு இரண்டு அணிகளின் வெற்றி தோல்வியை மாற்றிப் போட்டது.

கழன்று விழுவது ஒரு வகை என்றால் கழலவே மாட்டேன் என்பது இன்னொரு வகை. 2021 மொனாகோவில் மெர்சிடிஸ் அணியின் வால்டேரி போட்டாஸ் இரண்டாம் இடத்திலிருந்து டயர் மாற்ற வந்தார். முன் வலது நட்டின்மேல் கன் நேராக உட்காரவில்லை, துளி சாய்ந்திருந்தது. அத்தனை வேகத்தில் சுற்றிய கன் நட்டின் பிடிமுகங்களை நொடியில் சீவிவிட்டது. ஸ்டார் திருப்புளியால் மொண்ணையான திருகைக் கழற்றப் பார்த்தவர்களுக்கு அந்த நிலைமை தெரியும், பிடிக்க எதுவுமே மிஞ்சாது. பந்தயம் அங்கேயே முடிந்தது. சக்கரம் மட்டும் வரவில்லை, மொனாகோவில் வைத்து எடுக்கவே முடியவில்லை. காரை இங்கிலாந்தில் பிராக்லியில் இருக்கிற அணியின் தொழிற்சாலைக்குக் கொண்டுபோய் நாற்பது மணி நேரத்துக்கும் மேல் கழித்துதான் கழற்றினார்கள். உலகத்திலேயே தேர்ந்த மெக்கானிக்குகள், அவர்களே வடிவமைத்த நட்டு, அவர்களே வடிவமைத்த கன். அப்படியும் இது நடக்கிறது என்றால், ஒரு சாதாரண டயர் கடையில் என்னவெல்லாம் நடக்கலாம் என்று யோசித்துப் பாருங்கள்.

ஃபார்முலா ஒன் விதிகள் இதை ஒத்துக்கொண்டு எழுதப்பட்டவை. நட்டு தளராமல் பிடிக்க ஒரு பூட்டு, தளர்ந்துவிட்டாலும் முழுதாகக் கழன்று விழாமல் பிடிக்க இன்னொரு பூட்டு, இரண்டும் கட்டாயம். அமெரிக்காவின் நாஸ்கார் கார் பந்தயங்களில் இந்தக் கதை இன்னும் புதிது. பல தலைமுறையாக ஐந்து நட்டு, அதையும் பிசின் வைத்துச் சக்கரத்தோடு ஒட்டிவைத்திருப்பார்கள், மாட்டும்போது தேட வேண்டாம் என்று. 2022ல் புதிய காரோடு ஒற்றை நட்டுக்கு மாறினார்கள். அந்த வருடத் தொடக்கத்தில் அடுத்தடுத்து கார்கள் சக்கரத்தை இழந்தன, ஓட்டத்தில் சக்கரம் கழன்றால் அணியின் தலைமை மெக்கானிக்கும் டயர் மாற்றுகிற இரண்டு ஆட்களும் நான்கு பந்தயம் வெளியே உட்கார வேண்டும் என்ற தண்டனை பல அணிகளைத் தாக்கியது. நட்டில் குறை இல்லை. ஐந்தில் ஒன்றை அரைகுறையாக விட்டால் மீதி நான்கு காப்பாற்றிய பழக்கத்தில் வளர்ந்த கைகள், ஒன்றை அரைகுறையாக விட்டால் எதுவுமே காப்பாற்றாத ஏற்பாட்டுக்குப் பழக நாளாயிற்று.

நான் சொல்ல வருவதன் முடிச்சு இங்கேதான் இருக்கிறது. ஐந்து போல்ட் சக்கரத்தில் மனிதத் தவறுக்கான இடத்தை இரும்பே ஒதுக்கி வைத்திருக்கிறது. சென்டர் லாக்கில் அந்த இடத்தை எடுத்துவிட்டு, பொறுப்பை மாட்டுகிறவரின் கையில் கொடுத்துவிட்டார்கள். கை சரியாக இருந்தால் இரண்டும் ஒன்றுபோல் பாதுகாப்பு.

அந்தக் கை என்ன செய்ய வேண்டும் என்று கிட்டேயிருந்து பார்ப்போம், போர்ஷே 991 ஜிடி3யையே எடுத்துக்கொள்வோம் (991, 997 என்பவை 911 காரின் தலைமுறை எண்கள், 997 முந்தையது). ஹப்பின் நடுவில் ஸ்பிரிங் வைத்த ஒரு பூட்டு இருக்கிறது, அதற்கென்றே செய்த சாக்கெட் உள்ளே போகும்போது பூட்டை அமுக்கிப் பற்களிலிருந்து விலக்குகிறது. அந்த சாக்கெட் இல்லாவிட்டால் வேலையே ஆரம்பிக்காது. நட்டைக் கழற்றியதும் மரையையும் கூம்பு முகத்தையும் துணியால் சுத்தமாகத் துடைக்க வேண்டும், ஒரு மணல் துகள்கூட இருக்கக் கூடாது. அப்புறம் அலுமினியம் கலந்த வழுக்குப் பசையை மெல்லியதாகத் தடவ வேண்டும். இது முக்கியம், ஏனென்றால் நாம் போடுகிற முறுக்கில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு உராய்வில் போய்விடுகிறது, மிச்சம்தான் சக்கரத்தை அழுத்துகிறது. பசை காய்ந்திருந்தால் டார்க் ரெஞ்ச் 600ல் டக்கென்று சொல்லும், ஆனால் உள்ளே அழுத்தம் வந்திருக்காது. நம் வீட்டு கார் நட்டுக்கு கிரீஸ் தடவாதே என்பார்கள், இங்கே தடவாமல் விடாதே என்கிறார்கள், இரண்டுக்கும் காரணம் ஒன்றேதான்.

முளைகளில் சக்கரத்தை நேராக உட்கார வைத்து, நட்டை முதலில் கையாலேயே சில சுற்று ஏற்ற வேண்டும், மரை மாறி ஏறினால் விரலுக்கே தெரிந்துவிடும். கன் வைத்தால் தெரியாது. அடுத்து ஒருவர் காருக்குள் உட்கார்ந்து பிரேக்கை அழுத்திப் பிடிக்க, இன்னொருவர் ஆள் உயரத்துக்கு முக்கால்வாசி இருக்கும் ரெஞ்ச்சை எடுத்து 600 வரை இறுக்குகிறார். கால் சுற்று தளர்த்துகிறார். மறுபடியும் 600. முதல் தடவை இறுக்கும்போது கூம்பும் முகமும் ஒன்றுக்கொன்று படிகின்றன, இரண்டாம் தடவை வருவதுதான் நம்பகமான அழுத்தம். கடைசியாக சாக்கெட்டை எடுத்ததும் நடுப் பூட்டு வெளியே துள்ளி வந்து பற்களில் உட்கார்ந்துவிட்டதா என்று கண்ணால் பார்க்க வேண்டும். அமுங்கியே இருந்தால் நட்டை இன்னும் கொஞ்சம் இறுக்கும் திசையிலேயே நகர்த்தி உட்கார வைக்க வேண்டும், தளர்த்தி அல்ல. ரேஸ் டிராக்கில் ஓட்டிவிட்டு வந்த சூட்டில் இந்த வேலையைச் செய்யக் கூடாது, அலுமினியச் சக்கரமும் எஃகு ஹப்பும் சூட்டில் வேறு வேறு அளவில் விரியும், ஆறிய பிறகு கணக்கு மாறிவிடும்.

இத்தனையும் ஒழுங்காகச் செய்தும் இரும்பே கைவிட்ட சந்தர்ப்பமும் உண்டு. 997 ஜிடி3யில் போர்ஷே சென்டர் லாக்கைக் கொண்டுவந்து அதிக நாள் ஆகவில்லை, 2010ல் பின்சக்கர ஹப்பை மாற்றித் தருகிறோம் என்று கார்களைத் திரும்ப அழைத்தார்கள், டிராக்கில் கடுமையாக ஓட்டினால் ஹப் பழுதாகிச் சக்கரம் தளரலாம் என்பது காரணம். அதை மறைக்காமல் சரி செய்தார்கள், அதற்குப் பிந்தைய மாடல்களில் இது நன்றாகத் தேறியிருக்கிறது. இருந்தாலும் டிராக்கில் ஓட்டுகிறவர்களுக்கு நட்டும் பிரேக் பேட் மாதிரி தேய்மானப் பொருள்தான், குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை மாற்றித்தான் ஆக வேண்டும்.

சரி, இத்தனை தொல்லைக்குப் பதிலாக ரோட்டில் ஓட்டுகிறவருக்கு என்ன கிடைக்கிறது? எடை குறையும், சுழலும் நிறை குறையும் என்பார்கள். இந்தப் பேச்சில் எனக்கு உடன்பாடு இல்லை. போல்ட்டுகள் இருப்பது நடுவிலிருந்து 65 மில்லிமீட்டர் தூரத்தில், டயரின் வெளி விளிம்பு 340 பக்கம். சுழலும்போது ஒரு பொருளின் பாரம் தூரத்தின் இருமடியாக ஏறுகிறது, அதாவது போல்ட் வட்டத்தில் ஒரு கிலோ குறைத்தால் வருகிற பலன், டயர் விளிம்பில் ஒரு கிலோ குறைத்தால் வருவதில் இருபத்தேழில் ஒரு பங்குதான். அதோடு பெரிய நட்டுக்கும் முளைகளுக்கும் பூட்டுக்கும் எடை இருக்கிறது. லேசான டயரும் லேசான அலாய் வீலும் வாங்கினால் இதைவிடப் பல மடங்கு வித்தியாசம் தெரியும். ஃபெராரி 458ம் நிசான் ஜிடி-ஆரும் ஐந்தோடுதான் ஓடுகின்றன, யாரும் அவற்றை மெதுவான கார் என்று சொன்னதில்லை. போர்ஷேயே 718 கேமன் ஜிடி4க்கு ஐந்து போல்ட்டும், அதன் உக்கிரமான அண்ணன் ஜிடி4 ஆர்எஸ்ஸுக்கு ஒற்றை நட்டும் கொடுத்தது. டிராக்கில் ஒரே நாளில் இரண்டு மூன்று செட் டயர் மாற்றுகிறவருக்கு ஒற்றை நட்டு உண்மையிலேயே உதவி. மற்றவர்களுக்குக் கிடைப்பது அழகும் பந்தயக் காரின் சாயலும், அதுவும் ஒரு சந்தோஷம்தான், நான் குறை சொல்ல மாட்டேன், ஆனால் அதற்கு என்ன விலை என்று தெரிந்து வாங்க வேண்டும்.

விலை எங்கே தெரியும் என்றால் பஞ்சர் ஆகும்போது. இந்தக் கார்களில் ஸ்டெப்னி கிடையாது, டயருக்குள் ஊற்றுகிற பசையும் ஒரு சின்ன காற்று பம்ப்பும் கொடுத்திருப்பார்கள். ஆணி ஏறினால் அது போதும். பள்ளத்தில் இறங்கி டயரின் பக்கச் சுவர் கிழிந்தால் பசை எதுவும் செய்யாது. நெடுஞ்சாலையோரத்துப் பஞ்சர் கடைக்காரரிடம் லாரி சக்கரத்தைக் கழற்றுகிற பலம் இருக்கும், நீளக் குழாய் மாட்டிய ஸ்பேனர் இருக்கும், ஆனால் நடுப் பூட்டை அமுக்குகிற சாக்கெட் இருக்காது, 600 காட்டுகிற ரெஞ்ச் இருக்காது. தயவுசெய்து அவரிடம் எப்படியாவது கழற்றுங்கள் என்று சொல்லாதீர்கள். பூட்டோடு சேர்த்துத் திருகினால் பற்கள் உடையும், அதற்கப்புறம் ஹப்பே மாற்ற வேண்டியதுதான். பிளாட்பெட் வண்டியில் ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டும். நகரத்துப் பெரிய டயர் கடையிலும் வீல் பேலன்சிங் மெஷினில் இந்தச் சக்கரத்தை மாட்ட அதற்குரிய அடாப்டர் வேண்டும், அது இல்லாமல் கூம்பை வைத்து ஒப்பேற்றினால் சக்கரம் நடுவில் உட்காராது, 100க்கு மேல் ஸ்டியரிங் நடுங்கும்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும், இதில் எனக்கு உண்மையிலேயே கவலை உண்டு. ஐந்து போல்ட் ஹப்பின்மேல் ஒரு அடாப்டரைத் திருகி, அதன்மேல் ஒற்றை நட்டுச் சக்கரத்தை மாட்டும் மாற்று செட்டுகள் விற்கிறார்கள். இதில் ஐந்து போல்ட்டும் அடாப்டருக்குள் ஒளிந்துகொள்ளும், தளர்ந்தால் கண்ணுக்குத் தெரியாது, இறுக்க வேண்டுமானால் சக்கரத்தையே கழற்ற வேண்டும். மேலே ஒற்றை நட்டுக்குப் பல நேரம் ஒழுங்கான நடுப் பூட்டும் இருக்காது. சக்கரம் வெளியே தள்ளிப்போவதால் பேரிங்குக்குப் பாரம் கூடும். இரண்டு ஏற்பாட்டின் ஆபத்துகளும் சேர்ந்து வருகின்றன, எதன் நன்மையும் வருவதில்லை. அந்தத் தோற்றம்தான் வேண்டுமென்றால் போல்ட்டுகளை மூடுகிற வெறும் மூடி கிடைக்கிறது, அதைப் போட்டுக்கொள்ளுங்கள், ஒரு தீங்கும் இல்லை.

பழைய ஜிடி3 வாங்கப் போகிறவர் என்னிடம் கேட்டால் மூன்று விஷயம் சொல்வேன். நட்டு கடைசியாக எப்போது மாறியது என்று சர்வீஸ் பில்லில் பாருங்கள். நான்கு நட்டையும் கழற்றச் சொல்லி கூம்பு முகத்தில் கீறலோ அப்பிய அலுமினியமோ இருக்கிறதா, முளைகளில் ஒரு பக்கம் மட்டும் பளபளவென்று தேய்ந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள், ஒரு பக்கத் தேய்மானம் இருந்தால் சக்கரம் உள்ளே ஆடியிருக்கிறது. 997ஆக இருந்தால் 2010 ஹப் வேலை முடிந்திருக்கிறதா என்று சேஸிஸ் நம்பரைக் கொடுத்து டீலரிடம் எழுத்தில் வாங்குங்கள்.

ஏற்கெனவே வைத்திருப்பவர்களுக்கு, லாரி டிரைவர்கள் நட்டில் மஞ்சள் அம்பு மாட்டுவதைப் பார்த்திருப்பீர்கள், அதன் எளிய வடிவம் ஒன்று உண்டு. நட்டை இறுக்கி, பூட்டு வெளியே வந்ததைப் பார்த்த பிறகு, வெள்ளை பெயிண்ட் பேனாவால் நட்டின்மேல் ஆரம்பித்துச் சக்கரத்தின்மேல் முடிகிற மாதிரி ஒரே கோடு இழுத்துவிடுங்கள். காலையில் சாவியை எடுத்துக்கொண்டு வரும்போது நான்கு கோடுகளையும் ஒரு பார்வை பார்த்தால் போதும். கோடு நேராக இருந்தால் கிளம்புங்கள். அரை மில்லிமீட்டர் விலகியிருந்தாலும் அன்றைக்கு அந்தக் காரை எடுக்காதீர்கள், ரெஞ்ச்சோடு ஆளை வீட்டுக்கு வரச் சொல்லுங்கள்.